ஒரு முழ வயர்

ஆளில்லாத வண்டி தானாக நகர்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பட்டப்பகலில், பதினொரு மணி வெயிலில், சித்தன்னவாசல் மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பொட்டலில். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் மூஞ்சிக்கு நேரே சிரிக்கிற ஆள் நான். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. பேட்டரி வண்டி சர்வீசுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நாலு வார்த்தையில் நிறுத்தத் தெரிந்தவனாக இருந்தால் வீட்டில் எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், தம்பி தங்கச்சிகளே.

மோட்டார் கழற்றுவது, பேட்டரி மாற்றுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போனிலேயே படம் போட்டுக் காட்டிவிடுகிறார்கள். அந்தப் பக்கமே நான் போகப் போவதில்லை. நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதில் இருந்தது இரண்டே வரி. அந்த இரண்டு வரியால் ஒரு மனுஷியின் பிழைப்பு போகப் பார்த்தது.

அவர் பெயர் ஆரோக்கியமேரி. சின்ன வயதில் வந்த போலியோவில் இரண்டு காலும் செயலிழந்துவிட்டன. அரசு கொடுத்த பேட்டரி ஸ்கூட்டர்தான் அவருக்குக் கால். ஒரு அரசு அலுவலகத்தின் காம்பவுண்டுக்குள், ஜெராக்ஸ் கடைப் பக்கத்து நிழலில் வண்டியை நிறுத்தி, ஹேண்டில் மேல் பரீட்சை அட்டையை வைத்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பட்டா மாற்றம், உதவித்தொகை, வேலித் தகராறு, வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட மகனை மீட்பது என்று அவர் எழுதாத மனு கிடையாது. "மேரியக்கா எழுதிக் குடுத்தா ஆபீசரு படிச்சுட்டுத்தான் கீழ வைப்பாரு" என்பார்கள். உண்மைதான். நானே அவரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன்.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. வண்டியைக் கம்பெனி கொடுத்தபடியே ஓட்டினால் நமக்குத் தூக்கம் வராது. எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் வேண்டும். டிராக்டருக்குப் பாட்டுப்பெட்டி, ஷேர் ஆட்டோவுக்குக் கலர் லைட், சாணி அள்ளப் போகிற மொபெட்டுக்குக்கூட ஏழு விதமாகக் கத்துகிற ஹாரன். வண்டிக்காரர் கேட்காவிட்டாலும் மெக்கானிக் எதையாவது போட்டுவிடுவான். அவன் பாசத்தைக் காட்டுகிற வழி அது. நான் கொஞ்சம் அதிகப்படியான பாசக்காரன்.

மேரியின் போனில் எப்போது பார்த்தாலும் சார்ஜ் இருக்காது. ஆதார், பட்டா எல்லாவற்றையும் அதில் பார்த்துத்தான் எழுத வேண்டும். அவர் வண்டி ஒருமுறை சர்வீசுக்கு வந்தபோது ஹேண்டிலில் ஒரு சார்ஜர் சாக்கெட் பொருத்தினேன். வண்டியை ஓட்டக் கட்டைவிரலால் அமுக்குகிற லீவர் இருக்கிறதல்லவா, அதற்குப் போகிற வயரோடு சேர்த்து என் வயரையும் இழுத்தேன். லீவர் வயரைச் சுற்றிக் கம்பியால் வலை மாதிரிப் பின்னியிருந்தது. இடைஞ்சலாக இருந்தது, வெட்டிவிட்டேன். லேப்டாப் சார்ஜர் வயரில் கருப்பாக ஒரு குண்டு இருக்குமே, அப்படி ஒன்றும் வயரைக் கவ்விக்கொண்டிருந்தது. அது இருந்தால் பிளாஸ்டிக் மூடி மூடவில்லை. கழற்றி டிராயரில் போட்டேன். "கம்பெனிக்காரனுக்கு வேற வேலையில்ல" என்று திட்டவும் செய்தேன்.

சாவியைப் போட்டால்தான் அந்த சாக்கெட்டில் கரண்ட் வரும். அதனால் மேரி அன்றிலிருந்து நாள் முழுக்கச் சாவியை ஆனிலேயே வைத்திருந்தார். போன் நூறு காட்டியது. எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் "எங்கண்ணன் போட்டுக் குடுத்தது" என்று சாக்கெட்டைக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மனு கொடுக்கிற திங்கட்கிழமை ஒன்று. மேலதிகாரி ஒருவர் வருகிறார் என்று வாசலெங்கும் போலீஸ். குன்றாண்டார்கோவில் பக்கத்து விவசாயி ஒருவர் மேரியின் வண்டிக்கு முன்னால் நின்று தன் வாய்க்கால் தகராறைச் சொல்லிக்கொண்டிருந்தார். மேரி எழுதிக்கொண்டிருந்தார். திடீரென்று வண்டி முன்னால் பாய்ந்து அந்த மனிதரைத் தள்ளி, அவர் பாதத்தின் மேல் ஏறி, இரண்டடி போய் நின்றுவிட்டது. பாதத்தில் எலும்பு விரிசல். கூட்டம் கூடிவிட்டது. எனக்குப் போன் வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அலுவலகக் கண்காணிப்பாளர் வாசலிலேயே நின்றிருந்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் மேலதிகாரியின் கார் எந்த நிமிஷமும் வரலாம். அந்தப் பதற்றம் அவரிடமிருந்து எனக்கும் தொற்றிக்கொண்டது.

"வண்டியில கோளாறா, ஓட்டுறவங்க கோளாறா? எனக்கு எழுத்துல வேணும்" என்றார். "வண்டின்னா சரிபண்ணிட்டு வரட்டும். அவங்கதான்னா இந்தக் காம்பவுண்டுக்குள்ள இனிமே அந்த வண்டி வரக் கூடாது. இத்தனை சனம் வந்து போற எடம்."

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்து காம்பவுண்டைப் பத்துச் சுற்று சுற்றினேன். லீவரை அமுக்கினால் போகிறது, விட்டால் நிற்கிறது. லீவரை விட்ட நொடியில் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும் வண்டி அது. கை படாமல் அது நகரவே நகராது. என் பெயர் எனக்கு எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயமாக அது எனக்குத் தெரியும்.

ஜெராக்ஸ் கடை பெஞ்சில் மேரியை உட்கார வைத்திருந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, நான் லீவரத் தொடவே இல்லண்ணே" என்றார். "பக்கத்துல நின்ன போலீஸ்காரரு வாக்கி டாக்கிய எடுத்துப் பேசுனாரு, வண்டி கெளம்பிருச்சு. 'ஓவர்'ன்னு சொல்லி முடிச்சாரு, நின்னுருச்சு. அவரு பேசுற வரைக்குந்தாண்ணே ஓடுச்சு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏம்மா, போலீஸக் கண்டா திருடன் ஓடுவான். ஒன் வண்டியுமா ஓடுது?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாயோடு பேனாவை எடுத்து எழுதினேன்: 'வாகனத்தில் குறை எதுவும் இல்லை. விபத்து இயக்குபவரின் கைத்தவறால் நேர்ந்தது.' கையெழுத்தும் போட்டேன்.

மேரி அதை வாங்கிப் படித்தார். மனு எழுதுகிறவர் அல்லவா, இரண்டு வரியையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். "என்னையக் கேட்டு எழுதுன மாதிரியே இல்லையேண்ணே" என்றார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் வாசலில் சைரன் சத்தம் கேட்டது, எல்லாரும் அங்கிட்டுத் திரும்பிவிட்டோம்.

முடிவு தெரிகிற வரை வண்டி என் ஒர்க்‌ஷாப்பில் இருக்க வேண்டும் என்றார்கள். பதினைந்து நாளில் அதிகாரிகள் கூட்டம். அதில் வண்டியைத் திரும்பப் பெற்று, பட்டியலில் அடுத்து இருப்பவருக்குக் கொடுப்பதா என்று முடிவெடுப்பார்கள். வண்டி போனால் மேரி அறைக்குள்ளேயே நகர்ந்து நகர்ந்து கிடக்க வேண்டியதுதான். நாலாம் நாள் போன் செய்தார். "ஏதாச்சும் தெரிஞ்சுச்சாண்ணே?" என்றார். "பாக்குறேன்மா, பாக்குறேன்" என்றேன். பார்க்கத்தான் செய்தேன். என் செல்போனை லீவர் பக்கத்தில் வைத்து அழைப்பு விட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. மேரி சொன்னது போலீஸ்காரரின் வாக்கி டாக்கி, நான் செல்போனை வைத்துப் பார்த்தேன். எவ்வளவு பெரிய அறிவாளி பாருங்கள்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களிடம் எல்லாம் 'போலீஸைக் கண்டு ஓடிய வண்டி' என்று இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். கை தட்டாத குறைதான். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, தன் மாமியாரின் வீல்சேருக்குப் பேட்டரி வாங்க ஒருவர் வந்தார். போலீஸ் வயர்லெஸ் பிரிவில் ஏட்டு. வாக்கி டாக்கி செட்டுகளைப் பழுது பார்ப்பதே அவர் வேலை. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவரிடமும் கதையை அவிழ்த்துவிட்டேன். மனிதர் சிரிக்கவில்லை.

"'ஓவர்'ன்னதும் நின்னுச்சுன்னா சொன்னாங்க?"

"ஆமா ஏட்டய்யா, அப்படித்தான் சொல்லுது அந்தம்மா."

"அவங்க சொன்னத மட்டும் சொல்லுங்க. நீங்க நெனச்சது வேணாம்."

சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "நீங்க பத்துச் சுத்து ஓட்டுனப்ப பக்கத்துல யாராச்சும் செட்டுல பேசுனாங்களா?" என்றார்.

"இல்ல."

"அப்ப நீங்க எதைத்தான் சோதிச்சீங்க?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இத்தனை வருஷ சர்வீஸ், யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அவர் அதற்குள் காக்கிப் பேண்டோடு என் எண்ணெய்த் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டிருந்தார். என் சார்ஜர் வயரைப் பிடித்து இழுத்தார். கழற்றி எடுத்து, முழங்கையில் ஒரு நுனியை வைத்து நடுவிரல் வரைக்கும் நீட்டிப் பார்த்தார். பூக்கடையில் அளப்பார்களே, அதே மாதிரி.

"சரியா ஒரு முழம்" என்றார். "எங்க செட்டுக்கு ஏரியல் வெட்டச் சொன்னா நானும் இந்த நீளந்தான் வெட்டுவேன். அளந்தா வெட்டுனீங்க?"

"இல்ல ஏட்டய்யா. கைக்கு வந்தத வெட்டுனேன்."

அவர் என்னைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். எத்தனையோ நீளம் இருக்கிறது உலகத்தில். ஒரு சாண் குறைத்திருக்கலாம், ஒரு சாண் கூட்டியிருக்கலாம். நான் சும்மா வெட்டியது அவருடைய செட் பேசுகிற அலைக்குக் கச்சிதமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. "இங்க வேணாம், கடைத்தெரு" என்றார் அவர். "ஆளில்லாத எடமாப் பாத்து வைங்க. எங்க ஆபீசருகிட்ட கேட்டுட்டு செட்டோட வாரேன்."

வயரை இருந்தபடியே திரும்ப மாட்டி, வண்டியைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி, முதலில் சொன்ன அந்தப் பொட்டலுக்குக் கொண்டுபோனேன். கண்ணுக்கெட்டிய தூரம் பாறையும் சரளையும்தான். மலையில் ஓவியம் பார்க்க வந்த வேன் ஒன்று தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. வண்டியை இறக்கி நிறுத்திச் சாவியைப் போட்டுவிட்டு நான் தள்ளி வந்தேன். சீட் காலி. ஏட்டு வண்டிக்குப் பக்கவாட்டில் இரண்டடி தூரத்தில் நின்று செட்டின் பட்டனை அமுக்கினார். "டெஸ்ட், ஒண்ணு, ரெண்டு, மூணு..."

வண்டிக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். பிரேக் விடுகிற சத்தம். லீவர் அமுங்கவில்லை, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரத்துக்கு அடியில் சரளை நெரிந்தது. வண்டி கிளம்பியது. காலி சீட்டோடு, யாரோ உட்கார்ந்து அமைதியாக ஓட்டிக்கொண்டு போவது போல, நேராகப் போனது. ஏட்டு கூடவே நடந்தார். "ஓவர்" என்றார். பட்டனை விட்டார். வண்டி நின்றது.

"ஆத்தாடி!" என்று கத்திவிட்டேன். ஏட்டு மறுபடி பட்டனை அமுக்கினார். போனது. விட்டார். நின்றது. செட்டை என் கையில் கொடுத்து, "நீங்களே அமுக்குங்க" என்றார். அமுக்கினேன். அங்கே வண்டி நகர்ந்தது. என் விரலுக்கும் அந்தச் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு நூல்கூட இல்லை. வெயில்தான் இருந்தது. நான் அப்படியே சரளையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ நூறு வருஷத்து ஓவியத்தைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்துபோகிற இடத்தில், நான் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு காலி சீட்டை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏட்டு பத்தடி தள்ளிப் போய்ப் பேசிப் பார்த்தார். வண்டி அசையவில்லை. மறுபடி பக்கத்தில் வந்தார், ஓடியது. இத்தனை நாள் ஏன் நடக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. செட்டோடு ஒருவர் மேரியை ஒட்டி நின்று பேச வேண்டும், சாவி ஆனில் இருக்க வேண்டும், என் வயர் இருக்க வேண்டும், நான் வெட்டியது வெட்டியபடி இருக்க வேண்டும். நாலும் கூடிய நாள் அந்தத் திங்கட்கிழமை. நாலில் மூன்று என் கைவேலை.

"அலை எப்பவுந்தான் இருக்கு" என்றார் ஏட்டு, செட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டே. "இந்தா, இப்ப ஒங்க மேலயும் என் மேலயும் பட்டுத்தான் போகுது. எங்க பேச்சு, செல்போன் பேச்சு, ரேடியோ, மேல சுத்துற சாட்டிலைட்டு, எல்லாம். நீங்க வெட்டுன அந்த வலையும் கருப்புக் குண்டும் அதைத்தான் வாசல்ல நிப்பாட்டி வச்சிருந்துச்சு. அது போனதும் ஒங்க வயரு அலையப் புடிச்சு லீவர் வயருக்குள்ள விட்டுருச்சு, யாரோ லீவர அமுக்குறாங்கன்னு வண்டி நெனச்சுக்கிருச்சு."

திரும்பும்போது குட்டியானையில் நான் பேசவே இல்லை. என் வாய் மூடியிருந்ததைப் பார்த்து டிரைவர் இரண்டு தடவை "ஒடம்புக்கு ஏதும் முடியலையாண்ணே?" என்று கேட்டார். வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அதே ரோடு, அதே தைல மரங்கள், அதே டவர். எதுவும் மாறவில்லை. ஆனால் காற்றெல்லாம் பேச்சாக இருக்கிறது, என் உடம்புக்குள்ளேயும் புகுந்து போகிறது என்று நினைக்க நினைக்க மேலெல்லாம் சிலிர்த்துக்கொண்டே வந்தது. கடைக்கு வந்ததும் டிராயரைத் திறந்து அந்தக் கருப்புக் குண்டைத் தேடி எடுத்தேன். பழைய ஸ்க்ரூக்களுக்கு நடுவில் கிடந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. எங்கேயோ ஒருவர், முகம் தெரியாத மேரிக்காக யோசித்து யோசித்து அதை அந்த இடத்தில் வைத்திருக்கிறார். நான் மூடி மூடவில்லை என்று தூக்கிப் போட்டிருக்கிறேன்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். புது வயரை மாட்டிவிட்டு 'லூஸ் காண்டாக்ட் இருந்தது, சரிசெய்துவிட்டேன்' என்று எழுதினால் போதும். மேரிக்கு வண்டி கிடைத்துவிடும், எனக்கும் தலைகுனிவு இல்லை. தான் கேட்ட பேட்டரியை வாங்கக் கடைக்கு வந்திருந்த ஏட்டிடம் மெதுவாகச் சொல்லியும் பார்த்தேன். "வயர மாத்தலாம்" என்றார். "அந்தம்மா மேல நீங்க எழுதுன வரி அப்படியேதான இருக்கும்?" சொல்லிவிட்டு பேட்டரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மேரிக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"ஓவர்ன்னதும் நின்னுச்சாண்ணே?" என்றார்.

"நின்னுச்சும்மா. நீ சொன்ன மாதிரியேதான் நின்னுச்சு."

பொலபொலவென்று அழுதுவிட்டார். "பதினோரு நாளா எனக்கே சந்தேகம் வந்துருச்சுண்ணே. என் கைதான் எனக்குத் தெரியாமப் பட்டுருச்சோன்னு. ராத்திரியெல்லாம் கையையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

காலை நம்பி இருக்க முடியாதவர், கையை நம்பி வாழ்ந்தவர். அந்தக் கையையும் அவர் சந்தேகப்படும்படி நான் செய்திருந்தேன். பேயறைந்தாற்போல் நின்றேன்.

உங்களுக்கு இன்று எவ்வளவோ வசதி. வண்டியை வாங்குகிறவர்களிடம் சொல்லுங்கள், நின்றிருக்கும்போது சாவியை அணைத்து வைக்கட்டும். செட் வைத்திருப்பவர் பக்கத்தில் வந்தால் தள்ளி நின்று பேசச் சொல்லட்டும். வண்டி தானாக அசைந்தது என்று ஒருவர் வந்து சொன்னால், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், பக்கத்தில் யார், அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று முதலில் கேளுங்கள். கேட்டதைக் கம்பெனிக்கும் எழுதுங்கள். உங்கள் கண்ணுக்கு எதற்கென்று தெரியாத ஒரு பொருள் வண்டியில் இருந்தால் அது தேவையில்லாத பொருள் என்று நினைக்காதீர்கள். இதையெல்லாம் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை, புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. புத்தகம் எனக்கும் கொடுத்தார்கள். நான் அதை டீ டம்ளர் வைக்கப் பயன்படுத்தினேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள், அலுவலகக் காம்பவுண்டில், அதே ஜெராக்ஸ் கடைப் பக்கம் எல்லாரும் கூடினோம். கண்காணிப்பாளர் வந்தார். குன்றாண்டார்கோவில் விவசாயி மாவுக்கட்டோடு கம்பு ஊன்றி வந்திருந்தார். மேரி ஒரு ஆட்டோவில் வந்து இறங்கி அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏட்டு, அவருடைய ஆபீசரிடம் அனுமதி வாங்கி வந்திருந்தார். மனு கொடுக்க வந்த சனமும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டது.

முதலில் பழைய வயரோடு காலி வண்டியை ஓடவிட்டுக் காட்டினோம். ஏட்டு பேசினார். 'டக்' என்றது. வண்டி தானாகக் கிளம்பி வந்ததும் கண்காணிப்பாளர் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போனார். ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இந்த வயர யாரு வச்சது?" என்றார் கண்காணிப்பாளர்.

"நான்தாங்க."

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"அது கோளாறுன்னு எனக்கே தெரியாதுங்க. அந்தம்மா தெளிவாச் சொன்னாங்க. நான் சிரிச்சுட்டேன்."

விவசாயி கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "என்னைய ஒருத்தருங் கேக்கல. கால் ஒடஞ்சவன் நானு. அந்தப் புள்ளையோட ரெண்டு கையும் அட்ட மேலதான் இருந்துச்சு. என் வாய்க்காலத்தான எழுதிக்கிட்டு இருந்துச்சு!" என்றார். கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எழுத்துல குடுங்க" என்றார் அவர்.

அங்கேயே நிழலில் உட்கார்ந்து என் வயரைப் பிடுங்கினேன். கம்பெனி வயரைப் புதிதாக மாட்டி, வலையை அதன் இடத்தில் சேர்த்து, கருப்புக் குண்டைக் கவ்வ வைத்தேன். போனுக்கு ஒரு பவர் பேங்க் கொடுத்தேன். ஏட்டு செட்டை லீவருக்கு ஒட்டினாற்போல் பிடித்துப் பேசினார். வண்டி கம்மென்று நின்றது. நாலு பக்கமும் மாறி மாறி நின்று பேசினார். அசைவே இல்லை. "சரி, போதும்" என்றார் கண்காணிப்பாளர்.

"போதாதுங்க சார்" என்றார் மேரி. பெஞ்சிலிருந்து கையை ஊன்றி நகர்ந்து வந்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். "நான் ஒக்காந்துருக்கையில பேசட்டும். அண்ணே, நீங்க இங்கிட்டு வந்து முன்னாடி நில்லுங்க."

விவசாயி நின்ற இடத்தில் நின்றேன். முன்சக்கரத்துக்கும் என் பாதத்துக்கும் ஒரு சாண் இருக்கும். செருப்புக்குள் என் விரல்கள் தானாக மடங்கிக்கொண்டன. சோதித்தவன் நான், மாட்டியவன் நான், ஆனாலும் மடங்கின. ஏட்டு பக்கத்தில் வந்து பட்டனை அமுக்கி, எதிரே இருந்த பெயர்ப்பலகையை ஒவ்வொரு வார்த்தையாக செட்டில் படிக்க ஆரம்பித்தார். மேரி அட்டையை ஹேண்டில் மேல் வைத்துத் தாளைச் செருகினார். பேனா மூடியைக் கழற்றினார்.

"சொல்லுங்கண்ணே, எழுதுறேன். சார் எழுத்துல கேட்டாருல்ல?"

மளமளவென்று அனுப்புநரும் பெறுநரும் எழுதிவிட்டு, "பொருள் என்னன்னு போட?" என்று நிமிர்ந்தார். அவரே சொல்லிக்கொண்டே எழுதினார்: "'தவறாக வழங்கிய ஆய்வுச் சான்றைத் திரும்பப் பெறுதல், தொடர்பாக.' சரிதானுங்களே?"

"சரிம்மா."

"கம்பி வலைய வெட்டுனது தெரிஞ்சா, தெரியாமயா? தெரியாமன்னு போட்டா ஒங்களுக்குக் கொஞ்சம் எளக்கமா இருக்கும்."

"வெட்டுனது தெரிஞ்சுதாம்மா. அது எதுக்கு இருக்குன்னுதான் தெரியாது."

"அப்ப ரெண்டையுமே எழுதிர்றேன்" என்றார். இரண்டு கையும் அட்டை மேல் இருந்தன. ஒரு கை தாளைப் பிடித்திருந்தது, ஒரு கை எழுதிக்கொண்டிருந்தது. ஏட்டு பெயர்ப்பலகையை முடித்துவிட்டு, அலுவலக நேரம் எழுதிய பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். என் முகத்துக்கு நேரே அத்தனை அலையும் போய்க்கொண்டிருந்தது. வண்டி இம்மிகூட நகரவில்லை.

எழுதி முடித்து ஒருமுறை சத்தமாக வாசித்தார். என்னைத் திட்டி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. நான் செய்தது மட்டும் வரிசையாக இருந்தது. கையெழுத்துப் போடும்போது என் கண் மங்கிவிட்டது. போட்டேன். தாளை உருவிக் கண்காணிப்பாளரிடம் நீட்டினார், அவர் நின்றபடியே முழுவதையும் படித்தார். மேரி புதுத் தாளைச் செருகினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே" என்று என்னிடம் சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"அடுத்தது யாருங்க? வாங்க."